அரைக்கண்ணனின் அம்மா

காமிக்ஸ் புத்தகத்துக்கு வசனம் எழுதுகிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் என்னைக் கதாசிரியர் என்று நினைத்து நிமிர்ந்து உட்காருகிறார். அந்த மரியாதை அரை நிமிடம்கூட நிற்பதில்லை. கதை எழுதுவது வேறொருவர், படம் வரைவது வேறொருவர், பாத்திரங்களின் வாயிலிருந்து கிளம்பும் பலூன்களுக்குள் பேனா பிடித்து எழுத்துகளை வடிவாக நிரப்புவது மட்டும்தான் என் வேலை என்று விளக்கியதும், "ஓ, கையெழுத்து நல்லா இருக்கும்னு சொல்லுங்க" என்று மறுபடி சாய்ந்துகொள்கிறார். ஆமாம் ஐயா, நல்லா இருக்கும். அதை வைத்துத்தான் இத்தனை வருடம் வயிற்றைக் கழுவியிருக்கிறேன்.

படம் வரைந்தது என் அண்ணன். அரைக்கண்ணன் என்ற வில்லனைப் பெற்றெடுத்தவன் அவன்தான். நகரத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் நடமாடுகிற, இடது இமை எப்போதும் பாதி மூடியே இருக்கிற ஆள். அந்தக் கதைகளில் வரும் கதாநாயகனின் பெயர் பாதிப் பேருக்கு மறந்தேபோய்விட்டது. அரைக்கண்ணனை யாரும் மறக்கவில்லை. அந்த இடது கண் என்னுடையது. பிறந்ததிலிருந்தே என் இமை பாதிக்கு மேல் தூக்காது. வில்லனுக்கு ஒரு முகம் வேண்டும் என்று அண்ணன் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தபோது மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எழுத்து எழுதிக்கொண்டிருந்தவன் நான். தலையைத் தூக்கிப் பார்த்தான், குனிந்தான், வரைந்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புத்தகம் வந்த அன்றைக்கு அம்மா அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "உலகத்துல வேற மூஞ்சியே கிடைக்கலியா உனக்கு? தம்பி மூஞ்சியக் கொண்டுபோய்க் கெட்டவனுக்கு ஒட்ட வச்சிருக்க!"

"அவன் கெட்டவன் இல்லம்மா. கோபக்காரன்," என்றான் அண்ணன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன் வரைந்ததை மணிக்கணக்கில் பார்ப்பாள். நான் எழுதியதை விரலால் தடவி, "எறும்பு போற மாதிரி நேரா இருக்குடா" என்பாள். என் தொழிலுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன். தெருப்பிள்ளைகள் என்னை அரைக்கண்ணன் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனது. அதற்கும் அந்த முகம்தான் காரணம் என்று அண்ணனோடு வருடக்கணக்கில் சண்டை பிடித்திருக்கிறேன். அவன் பதில் பேசியதே இல்லை.

அரைக்கண்ணனுக்கு ஒரு பிள்ளைப்பருவத்தை மட்டும் அண்ணன் கொடுக்கவே இல்லை. அவன் எங்கே பிறந்தான், யார் வளர்த்தார்கள், ஏன் இப்படி ஆனான் என்று வாசகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். போன வருடம் அண்ணன் நெஞ்சு முழுக்கச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், கறுப்புச் சட்டையைத் தவிர வேறெதுவும் போடாத ஓர் இளம் இயக்குநர் வந்து அவன் படுக்கையருகே நாட்கணக்கில் உட்கார்ந்தார். அண்ணன் அவரிடம் என்னவோ பேசினான். பேசி முடித்த கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தான். அரைக்கண்ணன் எப்படி அரைக்கண்ணன் ஆனான் என்பதைச் சொல்லும் படம் வேகமாக வளர்ந்தது.

எனக்கும் அதில் ஒரு வேலை வந்தது. படத்தின் நடுவே அங்கங்கே காட்சி உறைந்து காமிக்ஸ் பக்கமாக மாறுமாம். அந்தப் பக்கங்களில் பழைய கையெழுத்தே வேண்டுமாம். ஆனால் கதை வெளியே கசிந்துவிடக்கூடாது என்று படங்களைக் காட்ட மறுத்துவிட்டார்கள். வெற்று பலூன்கள், யார் பேசுவது என்ற குறிப்பு, உள்ளே எழுதவேண்டிய வார்த்தைகள், அவ்வளவுதான் வந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எழுத்து உண்டு. அரைக்கண்ணன் பேசினால் எழுத்து இடப்பக்கம் சாய்ந்து, முனைகள் கீறிக்கொண்டு நிற்கும். போலீஸ்காரன் பேசினால் கட்டம் கட்டமாக, தடிப்பாக. அம்மாக்கள் பேசுவதற்கு அண்ணன் ஒரு சட்டமே போட்டிருந்தான். "அம்மா பேசினா எழுத்துல முனையே இருக்கக்கூடாதுடா. குழந்தை கை பட்டாலும் குத்தக்கூடாது." வந்த பலூன்களில் ஒன்றில் 'அம்மா' என்று குறிப்பு இருந்தது. உள்ளே எழுதவேண்டியது இது: 'இங்கேயே இருடா கண்ணு. பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. யார் கேட்டாலும் குடுக்காதே. அம்மா இதோ வந்துடறேன்.'

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கள் வீட்டுக் கதை. நான் தொலைந்த கதை. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது பஸ் நிலையத்தில் அம்மா என் கையில் ஒரு பையைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு டிக்கெட் வாங்கப் போனாளாம். நான் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டேனாம். சாயங்காலம் வரை தேடோ தேடென்று தேடி, கடைசியில் கண்டுபிடித்தார்களாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லுவாள். "அப்பவும் பையை விட்டானா பாருங்க! தொலைஞ்சாலும் சமத்தாத் தொலைஞ்சான்" என்று முடிப்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அண்ணன் மட்டும் அந்தக் கட்டத்தில் எழுந்து உள்ளே போய்விடுவான். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வில்லனுக்கும் சின்ன வயதில் ஒரு நல்ல நாள் இருக்கட்டும் என்று அண்ணன் நம் வீட்டுக் கதையையே எடுத்துக் கொடுத்திருக்கிறான், என்னதான் இருந்தாலும் பாசக்காரன் என்று எண்ணிக்கொண்டேன். அந்த பலூனுக்காக ஒரு பகல் முழுவதும் செலவழித்தேன். ஒரு முனைகூட இல்லாமல், ஒவ்வொரு சுழியையும் உருட்டி உருட்டி எழுதினேன். என் கை எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். இதைச் சொல்லும்போது இப்போதும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு, வேலை செய்தவர்களுக்காக ஒரு சின்ன அரங்கில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒப்பனைக்காரப் பெண் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நான் பசை போட்டு ஒட்டின இமை அப்படியே இருக்கு சார்!" என்று சந்தோஷப்பட்டாள். நான் அவள் வேலையைப் பாராட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பஸ் நிலையம் வந்தது. ஒரு பெண் தன் மகனை மர பெஞ்சில் உட்காரவைக்கிறாள். அவள் முகத்தில் கொடுமை எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. பையைக் கொடுக்கிறாள், குனிந்து ஏதோ சொல்கிறாள். அங்கே காட்சி உறைந்து காமிக்ஸ் பக்கமானது. சத்தமெல்லாம் நின்று, என் எழுத்து மட்டும் திரை நிறைய நின்றது. அப்புறம் அவள் டிக்கெட் வாங்கும் இடத்துக்குப் போகவில்லை. நேராக ஒரு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது.

பையன் உட்கார்ந்திருக்கிறான். வெயில் இறங்கியதும் பையைத் திறக்கிறான். உள்ளே அவனுடைய துணிகள், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே, சின்னதாக மடித்து அடுக்கியிருக்கின்றன. அடியில் ஒரு கம்பளிச் சட்டை. இந்த வெயில் காலத்தில் எதற்குக் கம்பளிச் சட்டை என்று பையன் யோசிக்கிறான். யோசித்து, புரிந்துகொள்கிறான்.

படத்தில் அந்தச் சட்டை பச்சை. நிஜத்தில் அது மஞ்சள். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதை முகத்தில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதன் சொரசொரப்பு என் கன்னத்துக்கு ஞாபகம் வந்தது. நான் எங்கேயும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பெஞ்சைவிட்டு நகரவே இல்லை. மீதிப் படம் முழுக்கக் கண் திரையில்தான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பையனைத் தேடி யாரும் வரவில்லை என்பதும், அவன் வளர்ந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கினான் என்பதும் மட்டும் மனதில் நின்றன.

முடிந்ததும் இயக்குநர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அந்த அம்மா பேசற எழுத்து இருக்கே, அவ்வளவு அன்பா எழுதியிருந்தீங்க. அதனாலதான் வயித்தக் கலக்கிடுச்சு. எப்படி சார் தோணுச்சு?"

"இந்தக் காட்சி யாரு எழுதினது?"

"உங்க அண்ணன் சொன்னதுதான் சார். கொஞ்சம் மாத்திக்கலாமான்னு கேட்டேன். 'மாத்தக்கூடாது, இது நான் பஸ் ஜன்னல்லேருந்து பாத்தது'ன்னாரு. யாரோ தெரிஞ்ச பையன் போல. அப்புறம் அவன் என்ன ஆனான்னு கேட்டேன். அது வேற கதைன்னுட்டாரு."

"ஆமா, தெரிஞ்ச பையன்தான்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்குள் ஒரே கேள்விதான் ஓடியது. விட்டுவிட்டுப் போனாள், சரி. அதைக்கூட எப்படியாவது விழுங்கிவிடலாம். ஆனால் திரும்பியும் வந்திருக்கிறாள். வராவிட்டால் நான் இந்த வீட்டில், இந்த மேஜையில், அவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு இருக்கமாட்டேன். எதற்காக வந்தாள்? மனசு கேட்காமல் வந்தாளா? அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அரைக்கண்ணனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த வித்தியாசமே அதுதான். அவனைத் தேடி யாரும் வரவில்லை, என்னைத் தேடி வந்தார்கள். எதற்கு என்று தெரிந்தால் நிம்மதியாகச் சாவேன் என்று தோன்றியது.

அம்மாவோ படம் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தாள். "என் பெரியவன் படம்" என்று மாடிவீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். நல்ல புடவையை எடுத்து நாற்காலி முதுகில் போட்டு ஆறவிட்டிருந்தாள். அவளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது நான்தான். வழக்கமாக விட்டுவிட்டு, கன்னத்தில் வழிவதைத் துடைத்துவிட்டுப் போவேன். அந்த வாரம் துடைக்கவில்லை.

"என்னடா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? படம் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போ."

புத்தகக் கம்பெனி முதலாளி முதல் நாள் மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தார். முட்டிவலி, கூட்டம், சத்தம் என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். வீட்டிலேயே உட்காரவைத்து நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் மழுப்புவாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் சிரித்துக்கொண்டே மழுப்பியவள்தானே? இருட்டில் முகம் மழுப்பாது. அதற்காக மட்டும் கூட்டிப்போனேன் என்று சொன்னால் அதுவும் மழுப்பல்தான். அவளுக்கு வலிக்கவேண்டும் என்று நினைத்தேன். நன்றாக வலிக்கட்டும். என் முகத்துக்கு ஏற்ற காரியத்தைக் கடைசியில் நானே செய்யக் கிளம்பினேன்.

தியேட்டர் நிறைந்திருந்தது. பொட்டலங்கள் பிரியும் சத்தமும் ஈரக் குளிரும். அம்மாவை ஓரத்து இருக்கையில் உட்காரவைத்து, அவள் கைத்தடியை என் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். விளக்கு அணைந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். படத்தின் பெயர் திரையில் வந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவளும் கை தட்டினாள்.

பஸ் நிலையம் வந்தது. பெஞ்ச் வந்தது. பை வந்தது. அம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். காட்சி உறைந்து எழுத்து திரை நிறைய நின்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"இது நீ எழுதினதாடா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்கு? படி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எப்படி மறந்துபோனது என்று இப்போதும் புரியவில்லை. படமே எல்லாவற்றையும் சொல்லிவிடும், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். திரையில் குரல் இல்லை, எழுத்து மட்டும்தான். நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் காதருகே குனிந்து படித்தேன்.

"இங்கேயே இருடா கண்ணு. பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. யார் கேட்டாலும் குடுக்காதே. அம்மா இதோ வந்துடறேன்."

அம்மா அசையவில்லை. திரையில் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறி உள்ளே தள்ளி உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணுன்னு நான் சொல்லலியே."

அவள் குரலில் அழுகை இல்லை. தப்பாக எழுதியிருக்கிறாயே என்று திருத்துகிற மாதிரிதான் இருந்தது.

"அந்த வார்த்தை வாயில வந்திருந்தா கால் எழுந்திருக்காது. சொல்லல."

பையன் பையைத் திறந்து கம்பளிச் சட்டையை எடுத்தான். தியேட்டரே கலங்கிப்போனது. எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவன் உரக்கவே சொன்னான். "இவளெல்லாம் ஒரு தாயா? நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்."

நான் எதற்காக வந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது. அந்த ஆள் சொன்னதைத்தான் நான் ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என்ன ஆனதென்று தெரியவில்லை, எழுந்து திரும்பி அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"வாய மூடுடா! யாரைப் பத்திப் பேசற?"

"என்னய்யா இது, படத்துல வர்றவளச் சொன்னா உனக்கென்ன?" என்று அவன் மிரண்டுபோய்க் கத்தினான். வெளிச்சம் அடித்தார்கள். டார்ச் ஒளி என் முகத்தில் விழுந்ததும் யாரோ, "டேய், நிஜ அரைக்கண்ணன்டா!" என்று கூவ, நாலு பேர் சிரித்தார்கள். அம்மா தடியை வாங்கி ஊன்றிக்கொண்டு, "வா, போலாம்" என்றாள். பாதிப் படத்தில் வெளியே வந்தோம்.

வெளியே சுள்ளென்று வெயில். பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே எங்களைத் தவிர யாரும் இல்லை. அவளை உட்காரவைத்தேன். நான் நின்றேன்.

"அவன்கூட எதுக்குச் சண்டைக்குப் போன? அவன் என்ன தப்பாச் சொல்லிட்டான்?" என்றாள்.

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"உங்கப்பா போனப்புறம் ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டுல வேலை கிடைச்சுது. தங்க இடமும் தர்றேன்னாங்க. ஒரு பிள்ளைன்னா வா, ரெண்டுன்னா வராதேன்னு சொல்லிட்டா அந்த வார்டன். பெரியவன் பாத்திரம் கழுவுவான். நீ சின்னவன்."

"அதனால?"

"அதனாலதான்." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போலீஸ்காரன் ரூமுக்கு எதிர்லதான் உன்னை உட்கார வச்சேன். யாராவது நல்லவங்க கண்ணுல படட்டும்னு. பெரியவனை அடிச்சு இழுத்துத்தான் பஸ்ல ஏத்தினேன்." பிறகு குறைப்பட்டுக்கொள்கிற குரலில் கேட்டாள். "ஆனா திரும்பி வந்தேனே? அதை ஏன் உங்கண்ணன் சொல்லல? அந்தப் பொம்பள வரவே மாட்டாளா கடைசி வரைக்கும்?"

"வர மாட்டா."

"நான் வந்தேன்."

"எதுக்கு வந்த?" என்றேன். ஒரு வாரமாகத் தொண்டையில் இருந்தது அவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டது. "சொல்லும்மா. எதுக்கு வந்த?"

அம்மா தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஷூவுக்கு," என்றாள்.

"எந்த ஷூ?"

"பெரியவனுக்குப் புதுசா வாங்கின ஷூ. அது இல்லாம ஹாஸ்டல் ஸ்கூல்ல உள்ளயே விட மாட்டாங்க. ஹாஸ்டல்ல போய் மூட்டையப் பிரிச்சா ஷூவைக் காணோம். எங்கடான்னு கேட்டா, தம்பி பையில இருக்குங்கறான். நான் வைக்கலடா. உன் துணிய மட்டும்தான் மடிச்சு வச்சேன், எனக்கு நல்லாத் தெரியும். எப்படி உள்ள போச்சுன்னு அவனை எத்தனையோ தடவை கேட்டேன். சாகற வரைக்கும் வாயத் தொறக்கல."

அம்மாவுக்கு இன்னும் புரிந்திருக்கவில்லை. அல்லது புரிந்தும் புரியாத மாதிரி இருந்து பழகியிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பத்து வயதுப் பையனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கத்தி அழுதால் அடிதான் விழும் என்பதும் தெரிந்திருக்கிறது. வீட்டில் இருந்ததிலேயே விலையுயர்ந்த பொருளை எடுத்து, அவள் பார்க்காத நேரத்தில், என் பைக்குள் திணித்திருக்கிறான். முகத்தைத் திருடினான் என்று அவனை எத்தனை வருடம் ஏசியிருப்பேன்! அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனை நினைத்துத்தான் அழுதேன். அம்மாவுக்காக ஒரு சொட்டும் வரவில்லை.

"ஷூவை மட்டும் எடுத்துட்டுப் போலாம்னு வந்தியா?"

"ஆமா."

"அப்புறம்?"

"நீ குடுக்கல." அவள் இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "சட்டைய மூஞ்சில வச்சுக்கிட்டு, பைய மடில இறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்த. குடுடான்னேன். மாட்டேன்னுட்ட. யார் கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கன்னு என்கிட்டயே சொன்ன. நான்தாண்டா அம்மான்னேன். அப்பவும் விடல. விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். ஒண்ணப் பிரிச்சா இன்னொண்ணு மூடிக்கும். அந்த வயசுல அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்துதோ. சுத்திக் கூட்டம் சேர ஆரம்பிச்சுது. போலீஸ்காரன் எட்டிப் பாத்தான். பெரியவன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கான். என்ன பண்றது? பையோட சேத்து உன்னையும் தூக்கிக்கிட்டேன். அந்த வேலை போச்சு. அப்புறம் ஊரார் துணியெல்லாம் துவைச்சேன்."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அது வருவதற்குள் கேட்டுவிடவேண்டும் என்று எனக்கு அவசரம். கேட்கக்கூடாது என்றும் தெரிந்தது. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால், போனால் போகிறது, பையோடு சேர்த்தாவது தூக்கினாளே என்று காலத்தை ஓட்டியிருக்கலாம்.

"நான் குடுத்திருந்தா?"

அம்மா யோசித்தாள். மழுப்புவாள் என்று இத்தனை நாள் பயந்தவன், இப்போது மழுப்பமாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு நின்றேன். அவள் வயதுக்கும், துவைத்துத் துவைத்து வளைந்துபோன அந்த விரல்களுக்கும், ஒரு பொய் சொல்ல முழு உரிமை இருந்தது. சொன்னால் அப்படியே நம்பியிருப்பேன்.

"போயிருப்பேன்டா," என்றாள்.

பஸ் வந்து நின்றது. படி உயரம். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவளையும் பிடித்து ஏற்றினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"உட்காருடா."

"பரவால்ல. நீ உட்காரு."

கோபம் தீரவில்லை. இனிமேல் தீரும் என்றும் தோன்றவில்லை. அவளை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவனும் நான்தான், நாளைக்கும் நாளை மறுநாளும் பார்த்துக்கொள்ளவேண்டியவனும் நான்தான். அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இடம் வழி முழுக்கக் காலியாகவே இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.